சொற்பட்டியல் அகராதி ஆகுமா?

சென்ற தவணையில் ஒரு நாள், இடைவேளை மணி அடித்தபின், பத்தாந் தர மாணவன் ஒருவன் விஞ்ஞானப் பாடநூலும் கையுமாக எம்மிடம் வந்து நின்றான். "சேர், திணிவு எண்டால் என்ன?" என்று கேட்டான். விஞ்ஞான ஆசிரியரிடம் கேட்பதல்லவா முறை என்றோம். கேட்டதாகவும், அவர் எழுதித் தந்த வரைவிலக்கணத்தை மனனம் செய்துவிட்டதாகவும், ஆனாலும் அந்தச் சொல்லுக்குத் தமிழில் என்ன கருத்து என்று அறிய விரும்புவதாகவும் சொன்னான். தமிழாசிரியனுக்கு இதைவிட மகிழ்ச்சி தரும் கேள்வி வேறு உண்டா? அவனை நூலகத்துக்கு அழைத்துச் சென்று அகராதியை எடுத்துக் கொடுத்தோம்.

எமது மகிழ்ச்சி பத்து நிமிடம் நீடிக்கவில்லை. திணிவு என்பதற்குச் செறிவு, நெருக்கம் என்று இருந்தது. செறிவைத் தேடினான், நெருக்கம், அடர்த்தி என்று இருந்தது. அடர்த்தியைத் தேடினான், மீண்டும் நெருக்கமும் செறிவும் வந்து நின்றன. மாணவன் தலையை நிமிர்த்தி, "சேர், செறிவு வேறை பாடத்திலை வருகுது, அடர்த்தி வேறை பாடத்திலை வருகுது. அப்ப மூண்டும் ஒண்டோ?" என்றான்.

மூன்றும் ஒன்றல்ல. திணிவு என்பது ஒரு பொருளில் உள்ள சடப்பொருளின் அளவு. அந்தத் திணிவைக் கனவளவால் வகுத்தால் வருவது அடர்த்தி. ஒரு குறித்த கனவளவுக் கரைசலில் எவ்வளவு பொருள் கரைந்திருக்கிறது என்பதைக் கூறுவது செறிவு. இந்த மூன்றையும் ஒன்றாகக் கருதுகிற மாணவன் பரீட்சையில் தோற்பான். அகராதியோ அம்மூன்றையும் ஒன்று என்றுதான் அவனுக்குச் சொல்லிக் கொடுத்தது. அகராதியைப் பார் என்று சொன்ன நாமும் அந்தக் குற்றத்துக்கு உடந்தை.

அகராதி பொய் சொல்லவில்லை என்பதையும் இங்கே கூறிவிட வேண்டும். செய்யுளிலே திணிவு நெருக்கந்தான். பழம் பாடலுக்கு உரை காண்பவனுக்கு அந்த விளக்கம் போதும். பிழை வேறிடத்தில் இருக்கிறது. எமது பிள்ளைகளுக்கு விஞ்ஞானத்தையும் கணிதத்தையும் புவியியலையும் தமிழிற் கற்பிப்பதென முடிவு செய்தோம். அதற்கு ஆயிரமாயிரம் சொற்களை ஆக்கினோம். ஆக்கிய சொற்களின் பொருளைத் தமிழில் எழுதி வைக்க மட்டும் மறந்துபோனோம்.

சொற்களை ஆக்கியவர்களை இகழ்வது எமது நோக்கமன்று. 1940களின் நடுப்பகுதியில் தொடக்க வகுப்புகளில் ஆரம்பித்த தாய்மொழிக் கல்வி, 1950களில் இடைநிலை வகுப்புகளுக்கும், 1960இல் பல்கலைக்கழகக் கலைப்பீடத்துக்கும் ஏறிச் சென்றது. கன்னங்கராவின் இலவசக் கல்வி 1945இல் திறந்துவிட்ட வாயிலால் உள்ளே வந்த பிள்ளைகளின் கையில் நூல் இல்லை. நூல் எழுதுவதற்குச் சொல் இல்லை. அந்த நிலையில் அறிஞர்கள் குழுக் குழுவாக அமர்ந்து, இரசாயனவியலுக்கும் பௌதிகவியலுக்கும் தாவரவியலுக்கும் விலங்கியலுக்கும் சொல் தேடினர். அரசகருமமொழித் திணைக்களம் பாடந்தோறும் சொற்றொகுதிகளை வெளியிட்டது. ஒட்சிசன், ஐதரசன், நிறமூர்த்தம், இழைமணி, ஆர்முடுகல் ஆகிய சொற்களெல்லாம் அந்த உழைப்பின் விளைவு. 'தமிழிலே விஞ்ஞானமா?' என்று நகைத்தவர்களின் முகத்துக்கு நேரே செய்து காட்டப்பட்ட காரியம் அது.

ஆயின், அந்தச் சொற்றொகுதிகள் யாருக்காக ஆக்கப்பட்டன? ஒன்றைத் திறந்து பாருங்கள். இடப்பக்கத்தில் ஆங்கிலச் சொல், ஆங்கில அகரவரிசையில். வலப்பக்கத்தில் அதற்கு நேரான தமிழ்ச் சொல். அவ்வளவே. ஆங்கிலத்தில் பாடத்தைக் கற்றுத் தமிழில் நூல் எழுத முனைந்தவருக்கு அது அரிய கருவி. அவர் பொருளை ஏற்கனவே அறிந்தவர். அவருக்குத் தேவைப்பட்டது பெயர் மட்டுமே. மொழிபெயர்ப்பாளருக்கும் வினாத்தாள் ஆக்குபவருக்கும் அது பயன்பட்டது. ஆங்கிலம் அறியாத மாணவனுக்கு? அவனிடம் இருப்பது தமிழ்ச் சொல், இல்லாதது பொருள். அவன் வலப்பக்கத்திலிருந்து தேடத் தொடங்க வேண்டும். அங்கே வரிசை இல்லை. வரி வரியாகத் தேடிக் கண்டுபிடித்தாலும் அவனுக்குக் கிடைப்பது ஓர் ஆங்கிலச் சொல். பூட்டையும் சாவியையும் ஒரே பெட்டிக்குள் வைத்துப் பூட்டிக் கொடுத்தது போலிருக்கிறது இந்த ஏற்பாடு. தமிழ் மட்டும் அறிந்தவனுக்கென்றே தொடங்கப்பட்ட கல்வியின் திறவுகோல் ஆங்கிலம் அறிந்தவன் கையில் இருக்கிறது.

எமது மொழியில் அகராதிக்கு வரலாறு இல்லாமலில்லை. திவாகரமும் பிங்கலமும் சூடாமணியும் நூற்றாண்டுக் கணக்கில் மாணாக்கரால் மனனம் செய்யப்பட்டன. ஒரு பொருளுக்குப் பல சொற்களை ஒரு செய்யுளிற் கட்டித் தந்த நிகண்டு, பாடல் இயற்றும் புலவனுக்குக் களஞ்சியம். எதுகைக்கு ஒன்று, மோனைக்கு ஒன்று என்று எடுத்துக்கொள்ளலாம். 1732இல் வீரமாமுனிவர் சதுரகராதியை ஆக்கினார். 1842இல் யாழ்ப்பாணத்தில், சந்திரசேகர பண்டிதரின் உழைப்பால், 58,500 சொற்கள் கொண்ட அகராதி அச்சேறியது. உடுவிலிலே பணியாற்றிய வின்சுலோவின் தமிழ் ஆங்கில அகராதி 1862இற் சென்னையில் வெளிவந்தது. சென்னைப் பல்கலைக்கழகத்தின் பேரகராதி 1924 முதல் 1936 வரை தொகுதி தொகுதியாக வந்து ஓர் இலட்சத்துக்கு மேற்பட்ட சொற்களைத் தந்தது. இவற்றை நாம் வணங்குகிறோம். எனினும் இவற்றுள்ளும் நிகண்டின் ஆவி உலாவுகிறது என்பதை மறுப்பதற்கில்லை. சொல்லுக்குச் சொல்லை நிறுத்திவிட்டால் பொருள் கூறியாயிற்று என்னும் எண்ணமே அந்த ஆவி. செய்யுள் உலகத்தில் அது தீங்கு செய்யவில்லை. திணிவும் செறிவும் அடர்த்தியும் தனித்தனிப் பொருள் பெற்றுவிட்ட உலகத்தில், பத்தாந் தர மாணவனைச் சுற்றிச் சுற்றி வரச் செய்வது அதுதான்.

இதே யாழ்ப்பாணத்தில் வேறொரு மரபும் இருந்தது. 1847இல் இங்கே வந்த அமெரிக்க மிஷன் வைத்தியர் சாமுவேல் கிறீன், மானிப்பாயில் இளைஞர்களுக்கு மேலை மருத்துவம் கற்பித்தார். 1864இலிருந்து அதனைத் தமிழிலேயே கற்பிக்கத் தலைப்பட்டார். அவர் சமயம் பரப்ப வந்தவர். அதை நாம் மறைக்கவும் வேண்டாம், மறக்கவும் வேண்டாம். எனினும் கற்பித்தவரும் சொல்லாக்கியவரும் அங்கே ஒருவரே என்பது கவனிக்கத் தக்கது. சொல் மாணாக்கருக்கு விளங்கவில்லையாயின், அடுத்த நாள் அவர்கள் முன் மீண்டும் நிற்க வேண்டியவரும் அவரே. 'இரண வைத்தியம்' என்று நாட்டு வழக்குச் சொல்லை எடுத்துச் சத்திரசிகிச்சை நூலுக்குத் தலைப்பிட்ட அதே மனிதர், இரசாயனத்துக்குச் சொல் தேடி அலையாமல் 'கெமிஸ்தம்' என்று 1875இல் நூலை வெளியிட்டார். தூய்மையை அவர் பொருட்படுத்தவில்லை. ஒரு முழு நூலுக்குள் அச்சொல் விளக்கம் பெற்றால் போதுமென்று கருதினார் போலும். பின்வந்த குழுக்கள் சொல்லை நூலிலிருந்து பிரித்தெடுத்துப் பட்டியலாக்கின. அங்கேதான் வழி பிரிந்தது.

பட்டியலின் தீங்கு இந்நாட்டு எல்லைக்குள் முடிவதில்லை. இன்றைய மாணவன் கைப்பேசியைத் திறந்தாற் பாக்கு நீரிணைக்கு அப்பாலுள்ள பாடநூல்களும் விளக்கங்களும் அவன் முன் வந்து குவிகின்றன. வரட்டும், அறிவுக்குக் கடவுச்சீட்டு எதற்கு? ஆனால் நடப்பது என்ன? எமது பாடநூலில் 'நிறை' என்பது புவி ஒரு பொருளை இழுக்கும் விசை. பொருளின் அளவு 'திணிவு'. தமிழ்நாட்டுப் பாடநூலிலோ பொருளின் அளவே 'நிறை'. புவியீர்ப்பினால் வரும் விசை 'எடை'. ஆகவே, 'சந்திரனுக்குச் சென்றாலும் நிறை மாறாது' என்ற வாக்கியம் அங்கே சரி, இங்கே பிழை. 'சந்திரனில் நிறை ஏறத்தாழ ஆறில் ஒரு பங்காகும்' என்பது இங்கே சரி, அங்கே பிழை. வேகத்தின் கதையும் இதுவே. எமக்குத் திசையோடு கூடியது வேகம், திசையற்றது கதி. அவர்களுக்குத் திசையற்றது வேகம், திசையுடையது திசைவேகம். இரண்டு சொற்கள் வேறுபட்டால் மாணவன் எச்சரிக்கை அடைவான். 'ஒளித்தொகுப்பு' என்று படித்தவன் 'ஒளிச்சேர்க்கை' என்று கண்டால் ஊகித்துக்கொள்வான். 'இழையம்' என்று படித்தவன் 'திசு' என்று கண்டால், இது வேறு என்று நின்று கேட்பான். ஒரே சொல் இரண்டு கரைகளில் இரண்டு பொருளோடு நிற்கும்போது அவனுக்கு எச்சரிக்கையே கிடைப்பதில்லை. தான் அறிந்த சொல்தானே என்று துணிந்து காலை வைக்கிறான், கீழே பள்ளம்.

எமது கடைத்தெருவில் 'நிறை' என்று தராசிற் பார்ப்பது கிலோகிராமில். பாடநூலின் நிறையோ நியூற்றனில் அளக்கப்படுவது. கரைக்குக் கரை உள்ள முரண் போதாதென்று, கடைக்கும் வகுப்பறைக்கும் இடையே வேறொரு முரண். இதை எந்தப் பட்டியலாவது மாணவனுக்குச் சொன்னதா? 'நிறை' என்று ஒரு சொல்லை ஓர் ஆங்கிலச் சொல்லுக்கு எதிரே எழுதிவிட்டு அது ஒதுங்கிவிட்டது. கரைக்குக் கரை வேறுபடும் கலைச்சொற்களை அறிஞர்கள் கூடி ஒன்றாக்கிவிடலாமே என்று சொல்பவர் உண்டு. ஒன்றாக்கட்டும், நாம் குறுக்கே நிற்கவில்லை. அதுவரையில் இந்தப் பிள்ளைகள் என்ன செய்வது? 'இங்கே இப்படி, அங்கே அப்படி' என்று இரண்டு வரி எழுதிவைக்க எந்த மாநாடும் வேண்டியதில்லை. 1992இல் முதலில் வெளிவந்த க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதி, 2008ஆம் ஆண்டுப் பதிப்பில் இலங்கை வழக்குகளை அடையாளமிட்டுச் சேர்த்தது. சொல்லுக்குச் சொல் வைக்காமல் வாக்கியத்தாற் பொருள் கூறி, எடுத்துக்காட்டும் தந்தது. செய்ய முடியும் என்பதற்கு அது சான்று. ஆனால் அது பொதுத் தமிழுக்கான அகராதி. பாடசாலைக் கலைச்சொல்லுக்கு ஆக்கப்பட்டதன்று. விலையும் எமது மாணவன் வீட்டுக்கு எட்டாதது.

இந்த இடத்திலே தூய தமிழ் அன்பர்கள் குறுக்கிடுவார்கள். சொல் வேற்று மொழிச் சொல்லாய் இருப்பதாலேயே விளங்கவில்லை. தமிழ் வேரிலிருந்து ஆக்கினால் அகராதியே வேண்டாம், சொல்லே தன் பொருளைச் சொல்லிவிடும் என்பார்கள். இது கேட்பதற்கு இனிமையானது. 1916இல் மறைமலையடிகள் தொடக்கி வைத்த இயக்கம் தமிழுக்குத் தன்மானம் தந்தது என்பதில் எமக்கு ஐயமில்லை. (அதே ஆண்டில் இராஜாஜியும் நண்பர்களும் சேலத்தில் விஞ்ஞானச் சொல்லாக்கத்துக்கென ஒரு சங்கம் கண்டதை ஏனோ எவரும் நினைவு கூர்வதில்லை.) ஆனால் வகுப்பறையில் இந்த வாதம் நிற்பதில்லை.

'பிரசாரணம்' என்ற சொல்லை எடுத்துக்கொள்வோம். வடசொல், பரவுதல், விரிதல் என்பது அதன் கருத்து. எமது பாடநூலில் 'பரவல்' என்றொரு சொல் வேறு இருக்கிறது. அது தனி நிகழ்வு. பிரசாரணம் தனி நிகழ்வு. சொற்பிறப்புப்படி பார்த்தால் இரண்டும் ஒன்றே. ஒன்று சமஸ்கிருதம், மற்றது தமிழ். ஒரு மென்சவ்வை ஊடறுத்து நீர் செல்வதைக் குறிக்கச் சமஸ்கிருதத்தையும், பொதுவான நிகழ்வைக் குறிக்கத் தமிழையும் ஒதுக்கியதில் என்ன நியாயம் இருக்கிறதோ, எமக்கு விளங்கவில்லை. இந்த இடத்தில் தமிழ்நாட்டவரின் 'சவ்வூடு பரவல்' மேலானது என்று ஒப்புக்கொள்வதில் எமக்கு வெட்கமில்லை. இதுவரை தூய தமிழன்பர் எம்மோடு சேர்ந்து வருவார். இனி 'ஆவியுயிர்ப்பு' என்ற சொல்லைப் பார்ப்போம். இலையிலிருந்து நீர் ஆவியாய் வெளியேறுவதற்கு எமது நூல்கள் வைத்த பெயர். இரண்டு உறுப்பும் தமிழ்; ஓசையும் அழகு. ஆனால் 'உயிர்ப்பு' என்றதும் மாணவன் மூச்சை நினைக்கிறான். சுவாசத்தோடு அதைக் குழப்புகிறான். எந்த வேரின் தெளிவு அவனுக்கு ஒளியாகும் என்று நம்பினோமோ அந்தத் தெளிவே அவனைப் பிழையான பாதையில் விட்டது.

சொற்பிறப்பு எங்கும் பொருளாகிவிடுவதில்லை. பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இலவோசியர் ஒரு வாயுவுக்குக் கிரேக்க வேர்களைக் கொண்டு 'அமிலம் பிறப்பிப்பது' என்று பெயரிட்டார். எல்லா அமிலங்களிலும் அது இருக்கிறது என்பது அவர் எண்ணம். குளோரீன் ஒரு மூலகம் என்று 1810இல் ஹம்பிரி டேவி காட்டியபோது, ஒட்சிசன் இல்லாத அமிலமும் உண்டு என்பது தெளிவாயிற்று. பெயர் பிழை, ஆயினும் உலகம் அப்பெயரை மாற்றவில்லை. மாற்றாமலே இரசாயனம் வளர்ந்தது. ஏனெனில் அப்பெயர் எதைக் குறிக்கிறது என்பது ஒவ்வொரு நூலிலும் தெளிவாக எழுதப்பட்டிருந்தது. வரைவிலக்கணம் இருந்தால் பிழையான பெயரும் நின்று வேலை செய்யும்; அது இல்லாதபோது மிகத் தூய பெயரும் வாயில் உருளும் கல்லாகும்.

மறுபுறத்திலே நிற்பவர் ஆங்கிலத்தின் வக்கீல். இந்தத் தொல்லையெல்லாம் எதற்கு, ஆங்கிலத்திலேயே படிப்பித்துவிடலாமே என்கிறார். 2001 தொடக்கம் எமது பாடசாலைகள் சிலவற்றில் ஆங்கில வழி வகுப்புகள் மீண்டும் ஏற்பட்டபின் இந்தக் குரல் உரத்துவிட்டது. அவரிடம் ஒன்று கேட்கிறோம்: 'போட்டோசிந்தசிஸ்' என்பது இலண்டன் தெருப் பிள்ளைக்குத் தாய்ப்பாலோடு வந்த சொல்லா? அதுவும் கிரேக்கம். அந்தப் பிள்ளைக்கும் அது அந்நியமே. வேறுபாடு என்னவென்றால், அந்தப் பிள்ளையின் கையில் அதனை எளிய ஆங்கிலத்தில் விளக்கும் பாடசாலை அகராதி இருக்கிறது. எமது பிள்ளைக்கு மொழியில் குறையில்லை, கருவியிலேதான் குறை. அதைச் செய்து கொடுக்காமல் மொழியை மாற்று என்பது, ஏணி வைக்காமல் கூரை உயரம் என்று குறை கூறுவதற்கு ஒப்பானது. ஆங்கில வழி வகுப்பு எங்கே நடக்கிறது, அதற்குரிய ஆசிரியர் எந்த ஊரிற் கிடைக்கிறார் என்பதையும் அந்த அன்பர் சற்று எண்ணிப் பார்க்கட்டும். முல்லைத்தீவின் உட்கிராமத்திலா? தோட்டப் பாடசாலையிலா?

வங்காளத்திலே, டாக்காவில், ஆங்கிலேயர் ஆட்சிக் காலத்தில் ஆசிரியராய் இருந்தவர் மைக்கேல் வெஸ்ற். ஆங்கிலம் கற்கும் வேற்று மொழிப் பிள்ளைகளுக்கென அவர் 1935இல், வேறொருவரோடு சேர்ந்து, ஓர் அகராதி ஆக்கினார். ஏறத்தாழ 24,000 சொற்களும் தொடர்களும் அதில் விளக்கப்பட்டன. விளக்குவதற்குப் பயன்பட்ட சொற்கள் 1,490 மட்டுமே. அந்த 1,490ஐ அறிந்த பிள்ளை மற்ற எல்லாவற்றையும் தானே திறந்துகொள்ளலாம். பின்னர் 1978இல் வெளிவந்த லொங்மன் அகராதியும் ஏறத்தாழ 2,000 சொற்களோடு அதே வழியிற் சென்றது. எந்தச் சொல்லை முதலிற் கற்பிப்பது என்று அறிய, அமெரிக்காவில் தோண்டைக் 1921இலேயே சொற்களை எண்ணிப் பட்டியலிட்டார். நியூசிலாந்தில் கொக்ஸ்ஹெட் 2000ஆம் ஆண்டில், பல்கலைக்கழகப் பாடங்களில் அடிக்கடி வரும் 570 சொற்குடும்பங்களைப் பிரித்தெடுத்தார். அடிமை நாட்டுப் பிள்ளை ஆங்கிலத்தைக் கற்றுக்கொள்ள ஆங்கிலேயன் இத்தனை அக்கறை எடுத்தான். சுதந்திர நாட்டுப் பிள்ளை தன் சொந்த மொழியிலே கற்பதற்கு நாம் எடுத்த அக்கறை எவ்வளவு? பயன்பாட்டு மொழியியல் என்று பல்கலைக்கழகத்தில் நாமும் படித்தோம், குறிப்பெடுத்தோம், சித்தியும் பெற்றோம். 1,490 சொற்களின் கதையை அங்கே அறிந்தபோது, அது ஆங்கிலம் கற்பிப்போருக்குரிய செய்தி என்று எண்ணித் தாளைப் புரட்டிவிட்டோம். திணிவைக் கேட்ட மாணவன்தான் அந்தத் தாளை எமக்குத் திருப்பிக் காட்டினான்.

தமிழிற் சொற்களை எண்ணுவது எளிதன்று என்பதை அறிவோம். 'வா' என்ற ஒரு வினை, வந்தான், வருகின்றனர், வந்திருக்கமாட்டாள் என்று எத்தனை உருவெடுக்கிறது! எதை ஒரு சொல்லாக எண்ணுவது என்பதிலேயே மொழியியலார் இடர்ப்படுவர். இடர்ப்படட்டும், அதற்காகத்தானே அவர்கள் இருக்கிறார்கள்.

இனி, எம்மைப் பெரிதும் வருத்தும் விடயத்துக்கு வருவோம். விளக்கும் சொல் எங்கிருந்து வர வேண்டும்? பண்டிதரின் ஏட்டிலிருந்தா, பாடுபடுவோரின் வாயிலிருந்தா? புவியியல் நூல் 'தென்மேல் பருவப்பெயர்ச்சிக் காற்று' என்று கற்பிக்கிறது. கரையோர மாணவன் அதை ஏழு தரம் எழுதி மனனம் செய்கிறான். அவனுடைய தந்தை வள்ளத்தைக் கரைக்கு இழுத்துப் போட்டுவிட்டு, "சோழகம் எழும்பிவிட்டுது" என்கிறார். இருவரும் ஒரே காற்றைத்தான் பேசுகிறார்கள் என்று அவனுக்கு எவரும் சொன்னதில்லை. வாடை, கொண்டல், கச்சான், சோழகம் என்று நான்கு திசைக்கும் நான்கு பெயர் வைத்து, அவற்றை நம்பி உயிரைக் கடலிற் பணயம் வைத்த மக்களின் அறிவு பாடநூலின் அடிக்குறிப்பிலும் இடம்பெறவில்லை. கச்சான் என்றால் வறுத்து விற்கும் கடலை என்று மட்டும் அறிந்த யாழ்ப்பாணத்து மாணவனுக்கு, மட்டக்களப்பு வயல்வெளியில் வீசும் வெங்காற்றும் அதே பெயர் உடையது என்று அறிய ஓர் அகராதி வேண்டாமா? மலையகத்திலே தேயிலைச் செடியை வெட்டிச் சீராக்குவதற்குக் 'கவ்வாத்து' என்பார்கள். விவசாய நூலில் அது 'கத்தரித்தல்'. ஆண்டுக்கணக்கிற் கவ்வாத்து வெட்டிய தொழிலாளியின் மகள், கத்தரித்தலின் பயன்கள் எவை என்ற வினாவுக்கு விடை தெரியாமல் விழிக்கிறாள். விடை அவள் வீட்டுக்குள்ளேயே இருக்கிறது. சொல்தான் குறுக்கே நிற்கிறது.

1960களின் முற்பகுதியில் இந்நாட்டில் மரபுப் போராட்டம் நடந்தபோது, மக்களின் பேச்சை எழுத்திற் கொண்டுவந்த படைப்பாளிகளை நோக்கி 'இழிசனர் வழக்கு' என்று பண்டிதர் சிலர் எள்ளினர். கதையிலும் நாவலிலும் அந்தப் போரை முற்போக்காளர் வென்றுவிட்டனர். இன்று எவரும் அந்த வார்த்தையை வாய்விட்டுச் சொல்லத் துணியார். ஆனால் பாடநூலிலும் கலைச்சொல் பட்டியலிலும் போர் தொடங்கவே இல்லை. கதாபாத்திரம் பேசலாம், காற்றுக்கும் மண்ணுக்கும் கருவிக்கும் அவன் வைத்த பெயர் மட்டும் பாடமாகக் கூடாது என்றால், அது பாதி வெற்றிதான்.

இதிலே தமிழ்ப் பிள்ளை தனித்து நிற்கவில்லை. சிங்கள மொழி வழிக் கல்விக்கும் அதே காலத்திற் சொல் ஆக்கப்பட்டது. சமஸ்கிருதமே அங்கும் பெரும் சுரங்கம். ஒளித்தொகுப்புக்கு அவர்கள் சொல் 'பிரபாசம்ஸ்லேஷணய'. அநுராதபுரத்து விவசாயியின் மகனுக்கு அது எமது பிரசாரணத்தைவிட இலகுவாய் இருக்கும் என்று எவராவது எண்ணினால், அவர் அந்தச் சொல்லை ஒரு தரம் உரக்கச் சொல்லிப் பார்க்கட்டும். மொழியால் எம்மைப் பிரித்து வைத்திருப்போர், இரு மொழிப் பிள்ளைகளுக்கும் ஒரே வகையான இருட்டைத்தான் பங்கிட்டுக் கொடுத்திருக்கிறார்கள்.

இந்த இருட்டில் இலாபம் காண்போரும் உண்டு. 1980 முதல் பாடநூல் இலவசம். ஆனால் பாடநூலில் உள்ள சொல்லின் பொருள் இலவசமன்று. அது மாலை ஐந்து மணிக்குத் தனியார் வகுப்பில், மாதக் கட்டணத்துக்கு விற்கப்படுகிறது. காசு கட்டியவனுக்குத் திணிவு விளங்குகிறது. கட்டாதவன் வரைவிலக்கணத்தை ஒப்புவிக்கிறான். பின்னர் கலைப்பிரிவுக்கு வந்து சேர்கிறான். எமது தமிழ் வகுப்புக்கு அப்படி வந்து சேரும் பிள்ளைகள், தமக்கு விஞ்ஞான மூளை இல்லை என்று சொல்லிக்கொள்கிறார்கள். அதை அவர்கள் உண்மையென்றே நம்புகிறார்கள்.

ஆகவே நாம் கேட்பது இதுதான். தரம் 6 முதல் 11 வரையுள்ள பாடநூல்களில் வரும் கலைச்சொற்களுக்கு, தமிழ் அகரவரிசையில், எளிய தமிழ் வாக்கியத்தாற் பொருள் கூறும் ஓர் அகராதி வேண்டும். விளக்கும் சொற்கள் ஐந்தாந் தரப் பிள்ளை அறிந்தவையாய் இருக்க வேண்டும். எந்தச் சொல்லோடு குழம்பும், அக்கரையில் அதற்கு என்ன பெயர், ஊரிலே அதை எப்படிச் சொல்வார்கள் என்பனவும் அருகே வர வேண்டும். பாடநூலைப் போலவே அதுவும் இலவசமாக ஒவ்வொரு பிள்ளையின் கைக்கும் போக வேண்டும். அதை ஆக்கும் குழுவிற் பேராசிரியரோடு வகுப்பாசிரியரும் அமர வேண்டும். ஆக்கிய பக்கத்தை அச்சுக்கு அனுப்புமுன் பிள்ளைகளிடம் காட்ட வேண்டும்.

அரசு செய்யும் வரை கையைக் கட்டிக்கொண்டு இருக்க மனம் வராமல், எமது பாடசாலையிற் பத்தாந் தரப் பிள்ளைகளைக் கொண்டு ஓர் 'அகராதிக் கொப்பி' தொடங்கியிருக்கிறோம். திணிவைக் கேட்ட மாணவனே முதற் பக்கத்தை எழுதினான்: "திணிவு: ஒரு பொருளுக்குள்ளே எவ்வளவு சடப்பொருள் இருக்கிறது என்பது. கிலோகிராமில் அளப்போம். கடையில் 'நிறை என்ன?' என்று கேட்பது உண்மையில் இதைத்தான். பாடத்தில் நிறை வேறு. தமிழ்நாட்டு நூலில் இதற்கு நிறை என்றே பெயர், கவனம்." அந்தக் கடைசிச் சொல்லை நாம் எழுதச் சொல்லவில்லை.

எல்லாப் பக்கமும் இப்படி அமைந்துவிட்டதென்று கூற முடியாது. 'ஆர்முடுகல்' என்பதற்கு "வேகம் கூடிக்கொண்டு போதல்" என்று ஒருவன் எழுதினான். முடுகு என்பது விரைந்து செல்லும் செய்யுள் நடைக்கு யாப்பிலக்கணத்தில் உள்ள பெயராயிற்றே, ஐம்பதாண்டுக்கு முற்பட்ட குழு ஒன்று எவ்வளவு நயமாகச் சொல்லைத் தேடியிருக்கிறது என்று நாம் வியந்துகொண்டிருக்கையில், பௌதிகவியல் கற்பிக்கும் நண்பர் வந்து அதை வெட்டினார். வேகம் மாறும் வீதமே ஆர்முடுகல். எவ்வளவு நேரத்தில் எவ்வளவு மாறியது என்று கூறாவிட்டால் அது பொருளாகாது என்றார். தமிழாசிரியன் தனியே இருந்து இந்த வேலையைச் செய்ய முடியாது என்பதை அன்று கற்றோம். அந்தப் பக்கம் மூன்று தரம் மாற்றி எழுதப்பட்டது.

கொப்பி நூறு சொற்களைத் தாண்டவில்லை. சென்ற வாரம் ஒரு மாணவி பிரசாரணத்துக்கு இப்படி எழுதிக்கொண்டு வந்தாள்: "அம்மம்மா தேசிக்காயை வெட்டி உப்புப் போட்டு வைத்தால் அடுத்த நாள் போத்தலில் தண்ணீர் நிற்கும். ஒருவரும் தண்ணீர் ஊற்றவில்லை. உப்புச் செறிவு கூடிய பக்கத்துக்குத் தேசிக்காயில் இருந்த நீர் மென்சவ்வுக்கு ஊடாக வந்தது." உயிரியல் ஆசிரியை படித்துப் பார்த்து மிக நன்று என்றார், பின், மென்சவ்வு எங்கே இருக்கிறது என்று கேட்டார். தேசிக்காயின் தோல்தான் என்றாள் மாணவி. இல்லை, ஒவ்வொரு கலத்தையும் சுற்றி இருப்பது என்றார் ஆசிரியை. மாணவி அடுத்த பக்கத்தின் தலையில் 'கலம்' என்று எழுதி, கீழே இடம் விட்டு வைத்திருக்கிறாள்.